தம்பியின் மொட்டை

அம்மாவுக்கு 81 வயது. கண் மங்கிவிட்டது, காதும் பாதிதான். மாதாவுக்குப் பட்ட கடன் மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. தம்பிக்கு நான்கு வயதில் மஞ்சள் காமாலை முற்றிய இரவில், "பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டி வந்து மொட்டை போடுகிறேன், உனக்குச் சேலை சாத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். பிறகு புயல், வட்டிக் கடன், என் கல்யாணம், அப்பாவின் சாவு என்று நேர்த்திக்கடன் தள்ளிக்கொண்டே போனது. தம்பிக்கு இப்போது 47. நாங்கள் கத்தோலிக்கர்கள். அவன் ஆறு வருடங்களுக்கு முன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டான். தலையில் முடி நிறைய இருக்கிறது. மாதாவுக்குக் கொடுக்கத்தான் மனம் இல்லை.

"அது விக்கிரக ஆராதனை அக்கா. என்னால் முடியாது" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "உலகத்திலேயே வேகமாக வளர்கிற சபை எங்களுடையதுதான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்" என்றும் சொன்னான். நான் கணக்கு ஆசிரியை. என்னிடமா எண்ணிக்கை பேசுவது? அவன் தலைக்குப் பதில் என் தலையைத் தருகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாமல் மாதாவிடம் பேசி முடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 24 விடியற்காலையில் கடலூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து காவிச் சேலையில் கிளம்பினேன். கூட வந்த பதினாறு பேரில் ஆறு பேர் இந்துக்கள்.

சிதம்பரம் வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனோம். கொள்ளிடம் பாலத்தில் நல்ல காற்று. சீர்காழி தாண்டியதும் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. அதன் பிறகு வாயில் அருள் நிறைந்த மரியே, மனத்தில் தம்பியோடு சண்டை.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2011இல் போட்ட கணக்கில், பெந்தெகொஸ்தே சபையாரும் அதே மாதிரி ஆவியின் வரங்களை நம்பி ஜெபிக்கிறவர்களும் சேர்ந்து உலகத்தில் 58 கோடியே 40 லட்சம் பேர். கிறிஸ்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் பெந்தெகொஸ்தே சபையார் 27 கோடியே 90 லட்சம்தான். மீதி 30 கோடியே 50 லட்சத்தில், பழைய சபைகளை விட்டுப் போகாமல் அங்கேயே கை தட்டிப் பாடுகிறவர்களும் அடக்கம். கத்தோலிக்கர்களும் உண்டு. அப்படியானால் எங்கள் பங்குக் கோவிலில் அருங்கொடை இயக்க ஜெபத்தில் கண்ணீர் விட்டுப் பாடுகிற சின்னம்மாவும் அந்தக் கணக்கில்தான் வருவார். அவர் எங்கள் ஆள்!

நம் ஊர்க் கணக்கு இன்னும் வேடிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001இல் 6.07 சதவீதம், 2011இல் 6.12. பட்டியல் சாதியினர் கிறிஸ்தவர் என்று பதிந்தால் அந்தப் பட்டியலுக்குரிய இடஒதுக்கீடு போய்விடும் என்பதால் எழுதாமல் விட்டவர்களும் இருப்பார்கள். இருந்தாலும், அந்தப் பத்து வருடங்களில் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஜெபக்கூடாரம் முளைத்ததே, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அரைவாசிப் பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். சின்ன வயதில் என்னோடு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் கோவிலில் பாடகர் குழுவில் நின்றவர்கள். பிரேசிலில் 2010இல் சுமார் 65 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர்கள் 2022இல் 56.7 ஆனார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த நாடு தெரியவில்லை, எங்கள் கோவிலில் தம்பி வழக்கமாக நிற்கும் தூண் ஓரம்தான் தெரிந்தது.

தரங்கம்பாடியில் உட்கார்ந்துவிட்டேன். கால் தரையில் படவில்லை. 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கிய இடம். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் கல்லறையும் இருக்கிறது. அவர் வந்து சரியாக 200 வருடம் கழித்து, 1906இல், லாஸ் ஏஞ்சல்ஸின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் ஒரு பழைய கட்டடத்தில் நடத்திய கூட்டங்களிலிருந்துதான் தம்பியின் அந்நியபாஷை, ஆவியின் வரமாக ஜெபத்தில் வருகிற புரியாத பேச்சு, உலகமெங்கும் பரவியது. சீமோரின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவருக்கு ஒரு கண் தெரியாது. மாதா யாரைத் தேடி வருவாளோ அப்படிப்பட்ட ஆள். காலை நீட்டிக்கொண்டு இதையெல்லாம் நினைத்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது.

அன்று இரவு ஒன்பது மணிக்குத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். கூட வந்த யாரோ போன் செய்திருக்கிறார்கள். டீக்கடையில் வெந்நீர் வாங்கி, உப்புப் போட்டு, என் காலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தான். மண்ணையும் சீழையும் தன் விரலால் கழுவினான். மருந்து தடவித் துணி சுற்றினான். பிறகு பாதத்தின் மேல் கை வைத்து, "கர்த்தாவே" என்று ஆரம்பித்து நீளமாக ஜெபித்தான். நடுவில் எனக்குப் புரியாத பாஷையும் வந்தது. கடைக்காரர் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சம். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் ஏன் போனான் என்று அப்போதுதான் நேராக நினைத்துப் பார்த்தேன். அவனுடைய மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அந்தப் பாஸ்டர் பதினோரு இரவுகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தார். வாடகை வீடு, மேலே தகரக் கொட்டகைச் சபை, எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் மனிதர். எங்கள் பங்குச்சாமிக்கு ஒன்பது கிளைக் கிராமங்கள்; பாவம், அவரும் ஒரு முறை வந்துவிட்டுத்தான் போனார். பதினொன்றுக்கு ஒன்று. இந்தக் கணக்கை நான் இதுவரை போட்டதே இல்லை.

மறுநாளிலிருந்து அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தான். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். ஜெபமாலை சொல்லும்போது மட்டும் இருபதடி பின்தங்குவான்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்தோம். வேளாங்கண்ணிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஊருக்குள் கால் வைத்ததும் லாட்ஜ் தரகர்கள் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு நாள் வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு மாதம் குடியிருக்கலாம். மெழுகுவர்த்தி விற்கும் பையன் மூன்று தெருக்கள் விடாமல் வந்தான். மெழுகுவர்த்தியோ பெருவிரல் உயரம்கூட இல்லை. மாதா இவர்களையும் பொறுத்துக்கொண்டு நிற்கிறாளே!

மொட்டை போட்டுக் கடலில் முழுகினேன். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் போனேன்; என் பாதம் இருந்த நிலைக்கு அதுவே வசதி. பிறகு வரிசை. நான்கரை மணி நேரம். முன்னால் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓர் அம்மாள், கையில் வெள்ளித் தொட்டில். எந்தச் சபையின் வளர்ச்சிக் கணக்கிலும் அவர் வர மாட்டார். என்னைவிட உறுதியாக நின்றார்.

அம்மா கொடுத்த நீலப் பட்டுச் சேலையை நெஞ்சோடு பிடித்திருந்தேன். கேட்க வேண்டியதை ஐந்து நாளாக மனப்பாடம் செய்திருந்தேன்: "தாயே, என் தம்பியைத் திருப்பிக் கொண்டு வா." பீடத்துக்கு எதிரே கொண்டுவந்து தள்ளினார்கள். ஜரிகைச் சேலை, கிரீடம், கையில் பாலன், அந்த முகம். மூன்று விநாடி இருக்கும். மனப்பாடம் எல்லாம் எங்கே போயிற்றோ, "அவன் வெளியே வெயிலில் நிற்கிறான் தாயே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் வந்தது. சேலையை வாங்கிக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள அழுதுகொண்டே நகர்ந்தேன். நாலு வயதில் அவனைக் கொடுத்தாய், அவன் மகளைக் கொடுத்தாய், என் காலைக் கழுவ அவனையே அனுப்பினாய், ஆரோக்கியத் தாயே, உன்னிடம் வேறு என்ன கேட்பேன்! வாசலில் எண்ணெய் வாங்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை. மறுபடி உள்ளே போய் வாங்கி வந்தேன்.

தம்பி பேருந்து நிலையத்தருகே ஒரு புங்கமரத்தடியில் இருந்தான். நிழல்தான். என் தலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். எதிர்க்கடைக்குப் போய் ஒரு தொப்பி வாங்கி வந்து தலையில் வைத்தான். "ஆரோக்கிய மாதா" என்று அச்சடித்த தொப்பி. அவன் படிக்கவில்லையோ, படித்துவிட்டுத்தான் வாங்கினானோ, நான் கேட்கவில்லை.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்திருந்ததால் அவனே எடுத்தான்.

"மொட்டை போட்டாயிற்றா?" அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

சபைக்குப் போனதிலிருந்து அவன் பொய் பேசுவதில்லை. என் தொப்பியைப் பார்த்தான்.

"போட்டாயிற்று அம்மா" என்றான்.