இடப்பக்கத் திருப்பம் வர மறுக்கும்போது: குல்மார்க் பனிச்சறுக்குப் பயிற்சியிலிருந்து சில வழிகாட்டல்கள்

பனிச்சறுக்கு கற்கத் தொடங்கும் பெரும்பாலோருக்கு ஒரு பக்கத் திருப்பம் விரைவில் கைவந்துவிடுகிறது. மறுபக்கத் திருப்பமோ நெடுநாள் தடுமாற்றமாகவே இருக்கிறது. காஷ்மீரின் குல்மார்க்கில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள தொடக்கநிலைச் சரிவுகளில் நான் பயின்றபோது வலப்பக்கம் திரும்புவது இயல்பாக அமைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும், காலில் பொருத்தும் சறுக்குப் பலகையான ஸ்கீயின் வால்பகுதி வழுக்கிக்கொண்டு போனது. அடிப்படைப் பயிற்சியையும் அதற்கடுத்த நிலையையும் முடித்த பின் இதைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பலவீனமான திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் அது சீராகிவிடாது. ஏனெனில், அதன் வேர் பெரும்பாலும் அதற்கு முந்தைய நல்ல திருப்பம் முடியும் இடத்தில் இருக்கிறது.

முதலில் எந்தக் கால் வேலை செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது வளைவின் வெளிப்புறத்தில் இருப்பது வலக்கால். அந்த ஸ்கீயின் உள்விளிம்பு பனியைக் கடித்துப் பிடிக்க வேண்டும். உடல் எடையின் பெரும்பகுதி அதன் மீதே நிற்க வேண்டும். ஆகவே 'இடப்பக்கத் திருப்பம் வரவில்லை' என்று சொல்பவர் கவனிக்க வேண்டியது வலக்காலைத்தான்.

நுட்பத்தைத் திருத்துவதற்கு முன் நுட்பம் சாராத காரணங்களை விலக்கிவிடுவது நல்லது. சரிவு நேராகக் கீழ்நோக்கி இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அங்கே யாருக்கும் ஒரு திருப்பம் கடினமாகவே இருக்கும். வேறொரு சரிவில் சோதித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். வாடகைக்கு எடுத்த ஸ்கீயின் விளிம்பு மழுங்கியிருக்கலாம். சாதாரண ஸ்கீகளில் இடம், வலம் என்ற வேறுபாடு இல்லை என்பதால், பூட்ஸை ஸ்கீயுடன் இணைக்கும் பைண்டிங் இரண்டும் ஒரே அளவில் பொருத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, அவற்றைக் கால் மாற்றி அணிந்து ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இடப்பக்கத் திருப்பம் திடீரென்று நன்றாகப் பிடித்தால் குறை விளிம்பில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. பூட்ஸுக்குள் காலுறை மடிந்திருக்கிறதா, இரு பூட்ஸின் கொக்கிகளும் ஒரே இறுக்கத்தில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

கணுக்காலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. எப்போதோ சுளுக்கிய கணுக்கால், வலி முற்றிலும் மறைந்த பின்னும் முன்போல் மடங்காமல் இருக்கக்கூடும். அப்படி மடங்காத காலில் எடை குதிகாலுக்குப் போய்விடும். பூட்ஸின் முன்பகுதியைக் கீழ்க்கால் அழுத்தாது. ஸ்கீயின் முனை பனியில் பிடிமானம் பெறாமல் மிதக்கும். வெறுங்காலுடன் சுவரின் எதிரே நின்று, குதிகால் தரையிலிருந்து எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயன்று, பாதம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் விலகும் வரை தொட முடிகிறது என்பதை இரு கால்களிலும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். என் வலக் கணுக்காலில் அந்த வேறுபாடு இருந்தது. பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே வீட்டில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தடுமாற்றம் நீடித்தால், வலப்பக்கத் திருப்பத்தின் முடிவைப் பாருங்கள். அந்தத் திருப்பம் முடியும்போது நீங்கள் சரிவின் குறுக்கே வலப்புறம் நோக்கிச் சென்றுகொண்டிருப்பீர்கள். இடக்கால் தாழ்வான பக்கத்திலும் வலக்கால் மேட்டுப் பக்கத்திலும் இருக்கும். அப்போது தோளும் இடுப்பும் ஸ்கீ போகும் திசையிலேயே திரும்பி, உடல் அச்சத்தால் மேட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால், எடை வலது ஸ்கீயின் வெளிவிளிம்பில் சிக்கிக்கொள்கிறது. அந்த நிலையிலிருந்து இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் அந்த விளிம்பை விடுவித்து ஸ்கீயைத் தட்டையாக்கி, பின்பு மறுவிளிம்பின் மீது சாய்க்க வேண்டும். மேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் உடலால் இதைச் செய்ய முடியாது. அதனால் வலது குதிகாலை வெளியே தள்ளி, ஸ்கீகளின் முனைகள் நெருங்கி வால்கள் விரிந்திருக்கும் ஸ்னோபிளவ் வடிவில் திருப்பத்தை வலிந்து தொடங்குகிறோம். புதுப்பனியில் இறங்கியபின் கீழே நின்று தடங்களைப் பார்த்தால், ஒரு பக்கம் மெல்லிய வளைகோடுகளும் மறுபக்கம் அகலமாகச் சிராய்த்த தடங்களும் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதைத் திருத்த எனக்கு மிகவும் உதவிய பயிற்சியில், திருப்பத்தை முழுமையாகச் செய்வதே இல்லை. சரிவின் குறுக்கே வலப்புறம் நோக்கி மெதுவாகச் செல்லுங்கள். இடது ஸ்கீயின் மீது எடையை வைத்து, மார்பைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பி, விளிம்புகளை மெல்ல விடுவித்தால் ஸ்கீயின் முனைகள் தாமாகவே கீழ்நோக்கி இறங்கும். எடை அப்போது வலக்காலுக்கு மாறத் தொடங்க வேண்டும். முனைகள் நேர்க்கீழ்த் திசையை அடைவதற்கு முன்பே மீண்டும் இடக்காலை அழுத்தி மேல்நோக்கி வளைந்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு அதையே தொடருங்கள். தடம் வாசலில் கட்டிய தோரணம்போல அலையலையாக அமையும். இதில் வலப்பக்கத் திருப்பத்தின் முடிவும் இடப்பக்கத் திருப்பத்தின் தொடக்கமும் மட்டுமே மீண்டும் மீண்டும் வருகின்றன, அச்சமூட்டும் நடுப்பகுதி வருவதில்லை. சரிவின் ஓரத்தை அடைந்ததும் நின்று, ஏறிவந்து, அதே பக்கத்திலிருந்தே மறுபடியும் தொடங்குவது முக்கியம்.

இது இயல்பான பிறகு முழுத் திருப்பத்துக்குப் போகலாம். திருப்பத்தின் நடுவில், வளைவின் உட்புறம் இருக்கும் உட்காலின் ஸ்கீ வால்பகுதியை ஒரு கணம் பனியிலிருந்து தூக்கிப் பார்ப்பது எடை எங்கே இருக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். தூக்க முடியவில்லையெனில் எடை இன்னும் உட்காலில்தான் நிற்கிறது. வலது ஸ்கீ தாழ்வான பக்கத்தில் இருக்குமாறு நின்று பக்கவாட்டில் வழுக்கி இறங்கி, நினைத்த இடத்தில் நிறுத்தும் பயிற்சியும் விளிம்பின் மீது நம்பிக்கையை வளர்க்கிறது.

எங்கே பயில்கிறோம் என்பதும் பொருட்டானது. குல்மார்க்கில் கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் அபர்வத் மலைமுகடு வரை செல்லும் ஆவல் எல்லோருக்கும் எழும். ஆனால் அங்குள்ள செங்குத்தான, சமன்செய்யப்படாத சரிவில் உடல் தனக்குப் பழகிய தற்காப்பு முறைக்கே திரும்பிவிடும். பலவீனமான பக்கத்தைத் திருத்தும் நாள்களில், உங்களுக்குச் சலிப்புத் தரும் அளவு எளிதான சரிவே தகுந்த இடம் என்பது என் கருத்து. காலையில் பனி இறுகியிருக்கும்போது விளிம்பின் குறை நன்கு தெரியும். வெயிலில் சற்று இளகிய பிறகு புதிய அசைவைக் கற்பது எளிது.

பயிற்சி முடிவில் நடைபெறும் மதிப்பீட்டில், தொடர்ச்சியான திருப்பங்கள் இரு பக்கமும் ஒரே அளவிலும் வேகத்திலும் அமைகின்றனவா என்பதைக் கவனிப்பார்கள். பலர் தங்களுக்கு நன்றாக வரும் பக்கத்திலேயே தொடங்குகிறார்கள்; நான் மாறாகச் செய்யப் பரிந்துரைப்பேன். வேகம் குறைவாகவும் மனம் நிதானமாகவும் இருக்கும் முதல் திருப்பமே பலவீனமான பக்கத்துக்கு உரியதாக இருக்கட்டும். வலப்புறம் நோக்கி நின்று, தோள்களைக் கீழ்நோக்கித் திருப்பி, இடக்கைக் கோலை ஊன்றி, இடப்பக்கம் திரும்பித் தொடங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மனத்துக்குள் ஒரே எண்ணிக்கையைச் சொல்லிவந்தால், பழகிய பக்கத்தில் நீண்டும் மற்றதை அவசரமாக முடித்தும் செல்லும் பழக்கம் குறையும்.