திசையைக் கடலிடம் ஒப்படைத்த வீரர்கள்

பழைய ஸ்பானிய வீரகதையொன்றின் நாயகனான அமாதிஸ் என்னும் மாவீரன் வளரும் வீட்டில் அவனை அழைத்த பெயர் ‘கடற்குமரன்’. இரகசியமாகப் பிறந்த அந்தக் குழந்தையை, தாயின் பணிப்பெண் கீல் பூசிய பெட்டியொன்றில் கிடத்தி, தந்தையின் வாளையும் ஒரு மோதிரத்தையும் பெயர் எழுதிய தோலோலையையும் உடன் வைத்து ஆற்றில் விடுகிறாள். ஆறு பெட்டியைக் கடலில் சேர்க்கிறது. மனைவியோடு கலத்தில் சென்றுகொண்டிருந்த ஸ்காட்லாந்து வீரர் கந்தாலெஸ் அதைக் கண்டு எடுத்து வளர்க்கிறார். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் பெட்டியும் ஆறும் புதியவை அல்ல. ஆனால் கர்ணனைத் தேரோட்டியின் மகன் என்றே உலகம் அறிந்தது, அமாதிஸையோ கடலின் பிள்ளையாகவே அறிந்தது. தன் குலம் எதுவென்று தெரியாத வயதில் அவனுக்கு இருந்த ஒரே முகவரி கடல்தான்.

ஸ்பெயினின் மெதினா தெல் கம்போ நகரத்து ஆட்சிமன்றத்தில் இருந்த கார்சி ரோட்ரிகஸ் தெ மொன்டால்வோ, முன்பே வழங்கிவந்த கதையைத் திருத்தி விரித்து எழுதிய ‘அமாதிஸ்’ நூலின் இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1508-இல் ஸரகோஸா நகரில் அச்சானது. இதையும் இதன் வழிவந்த நூல்களையும் படிக்கும்போது என்னை மீண்டும் மீண்டும் ஈர்ப்பது, போர்களைவிட அவற்றுக்கு இடையே கிடக்கும் கடல். ஆர்தர் மன்னனைச் சுற்றி எழுந்த பழைய பிரெஞ்சுக் கதைகளில் வீரன் காட்டுக்குள் நுழைந்து வழி தவறுவான். அந்தத் தவறிய வழியில்தான் கதை அவனைச் சந்திக்கும். ஸ்பானிய வீரகதைகளிலும் காடு உண்டு என்றாலும், அதன் வேலையில் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இது வெறும் இடமாற்றம் அன்று என்பது என் எண்ணம். காட்டில் குதிரையின் கடிவாளமாவது வீரனின் கையில் இருக்கும். கலத்தில் ஏறிவிட்டாலோ, தரையில் எவருக்கும் தலைவணங்காதவன் காற்றுக்கும் அலைக்கும் தன்னை ஒப்படைத்தே ஆகவேண்டும்.

இதற்கு ‘அமாதிஸ்’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் வரும் பிசாசுத் தீவைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அப்போது அமாதிஸ் ‘பச்சை வாள் வீரன்’ என்ற பெயரில், காதலி ஒரியானாவைப் பிரிந்து தொலைதேசங்களில் அலைந்துகொண்டிருக்கிறான். கான்ஸ்டான்டிநோபிளை நோக்கிச் செல்லும் கலத்தைப் புயல் திசைமாற்றி, எந்த மாலுமியும் விரும்பி அணுகாத ஒரு தீவின் முன் நிறுத்துகிறது. எந்த இடம் என்று தெரிந்ததும் கலத்தில் இருப்பவர்கள் நடுங்குகிறார்கள். ஓர் அரக்கனுக்கும் அவன் சொந்த மகளுக்கும் பிறந்து, அந்த நிலத்தையே வெறுமையாக்கிவிட்ட எந்த்ரியாகோ என்னும் கொடிய உயிர் அங்கே இருக்கிறது. உடன் பயணிக்கும் மருத்துவர் எலிசபாத் அதன் வரலாற்றை அவனுக்குச் சொல்கிறார். புயல் அவனைக் கேட்டுக்கொண்டு அங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஆனால் கரையில் இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு அவனுடையது, அவன் இறங்குகிறான். கொன்று மீளும்போது அவனும் சாவின் விளிம்பில் கிடக்கிறான், எலிசபாத் காப்பாற்றுகிறார், தீவுக்குப் புனித மரியாவின் பெயர் சூட்டப்படுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது கடல், அங்கே என்ன செய்வது என்பதைத் தேர்ந்தெடுத்தவன் மனிதன். இந்தப் பங்கீட்டைப் பார்த்த பிறகு, கதையை நகர்த்த ஆசிரியன் கையாண்ட எளிய உத்தி என்று இந்தப் புயல்களை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

கலங்களும் அப்படித்தான். நான்காம் புத்தகத்தின் இறுதியில் ஊர்காந்தா என்ற மாயக்காரி, நெருப்பும் புகையும் சூழ, பெரும்பாம்பின் உருவில் அமைந்த கலத்தில் வந்து சேர்கிறாள். அமாதிஸின் மகன் எஸ்பிளாந்தியான் வீரப்பட்டம் பெறுவது அந்தக் கலத்தில்தான். அடுத்த நூலில் அதுவே அவனைச் சுமந்து செல்கிறது. அவன் எங்கே போகவேண்டும் என்பது அவனைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குடிநீர் தீர்வதையும் உணவு கெடுவதையும் பாய் கிழிவதையும் இந்த நூல்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றுக்கு நெருக்கமான கடலை விரும்புகிறவர்கள், 1490-இல் வலென்சியாவில் அந்த மண்ணின் மொழியிலேயே வெளிவந்து 1511-இல் காஸ்டிலிய (ஸ்பானிய) மொழிக்கு வந்த, திரான் என்னும் வீரனின் கதைக்குப் போகவேண்டும். ரோட்ஸ் தீவின் முற்றுகையில் ஒரு மாலுமி, இரவில் நீந்திச் சென்று பகைவரின் தலைமைக் கலத்தில் கயிற்றைக் கோத்துத் திரும்பி, அந்தக் கயிற்றாலேயே தீ வைத்த படகொன்றை அக்கலத்தை நோக்கி இழுத்துச் சேர்த்து அதை எரிக்கிறான். அங்கே மாயம் எதுவும் இல்லை. கயிறும் கீலும் ஒரு மாலுமியின் கைத்திறனுமே போதுமாயிருக்கின்றன.

மாயக்கடலோ அச்சுப் புத்தகத்தோடு உண்மைக் கடலையும் கடந்தது. எஸ்பிளாந்தியானின் கதையில், இந்தியத் தீவுகளுக்கு வலப்புறம், மண்ணுலகச் சொர்க்கத்துக்கு மிக அருகே, ஆண்களே இல்லாத, பொன்னாலான ஆயுதங்கள் ஏந்திய கருநிறப் பெண்கள் வாழும் ஒரு தீவு வருகிறது. அதன் அரசி கலாஃபியா, தீவின் பெயர் கலிஃபோர்னியா. மெக்ஸிகோவின் மேற்கே ஸ்பானியர்கள் 1530-களில் கண்ட நிலத்தைத் தீவென்று கருதியபோது, அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது இந்தப் பெயர்தான். 1531-இல் இத்தகைய வீண் கதைப் புத்தகங்களை அமெரிக்க நிலங்களுக்கு அனுப்பக்கூடாது என்று அரச ஆணை பிறந்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

இந்தக் கதைகளையெல்லாம் கரைத்துக் குடித்த, செர்வான்டெஸின் நாவல் நாயகன் டான் குயிக்ஸாட், பல நூறு பக்கங்கள் வரை கடலையே பார்த்ததில்லை. எப்ரோ ஆற்றங்கரையில் துடுப்பில்லாமல் கட்டிக் கிடக்கும் மீனவர் படகைக் கண்டதும், எங்கோ துன்பத்தில் இருக்கும் ஒரு வீரனுக்கு உதவத் தன்னை ஏற்றிச்செல்லவே அது வந்திருக்கிறது என்று நம்பி ஏறிவிடுகிறார். அது நீராலைச் சக்கரங்களில் மோதி உடைகிறது, மீனவர்களுக்கு 50 ரியால் கொடுக்கவேண்டி வருகிறது. பிறகு பார்சிலோனாவில், புனித யோவான் திருநாள் காலையில், அவரும் சான்சோவும் முதன்முறையாகக் கடலைக் காண்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய நீர்ப்பரப்பான ரூய்தேரா ஏரிகளைவிட அது எவ்வளவோ அகன்றிருக்கிறது. 1571-இல் லெப்பாந்தோ கடற்போரில் இடக்கையின் வலுவை இழந்து, 1575-இல் கடலில் சிறைபிடிக்கப்பட்டு, அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் அடிமையாகக் கிடந்த செர்வான்டெஸ் எழுதிய வரி அது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கடற்கரையிலேயே வெண்ணிலா வீரனிடம் தோற்று விழும் டான் குயிக்ஸாட், ஆறு நாள் படுக்கையில் கிடந்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்பும்போது, தான் விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, ட்ராய் நகரம் இருந்தது இங்கேதான் என்கிறார்.