நம் டொமைன் பெயரில் போலி மெயில்: ஹெடரில் தொடங்கி டிமார்க் வரை

நாம் அனுப்பாத மெயில்களுக்கு பவுன்ஸ் (சேரவில்லை என்று திரும்பி வரும் அறிவிப்பு) வந்து குவிந்தால், யாரோ நம் டொமைன் பெயரைப் போட்டு ஸ்பேம் அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினோம், மாற்றுவது நல்லதுதான், ஆனால் பவுன்ஸ் நிற்கவில்லை. ஃப்ரம் வரியில் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம். மெயிலைக் கடத்தும் நெறிமுறையான எஸ்எம்டிபி அதைச் சரிபார்ப்பதே இல்லை.

பவுன்ஸோடு இணைந்து வரும் மூல மெயிலின் ஹெடரை (மெயில் வந்த வழி பதிவாகும் தலைப்பகுதி) திறந்து ‘ரிசீவ்டு’ வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்க்கும். பெற்றுக்கொண்ட சர்வர் எழுதிய வரியில் சதுர அடைப்புக்குள் [203.0.113.45] என்பதுபோல் இருக்கும் ஐபி மட்டுமே நம்பத்தக்கது, பக்கத்திலுள்ள பெயர், அனுப்பிய கணினி தானாகச் சொல்லிக்கொண்டது. அதற்குக் கீழுள்ள வரிகள் இட்டுக்கட்டியவையாக இருக்கலாம். அடிவரி ஐபியைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமே இல்லாதவருக்குப் புகார் அனுப்பிவிடாதீர்கள்.

ஐபியை ஹூயிஸில் (ஐபி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டும் பொதுப் பதிவேடு) தேடினால் அப்யூஸ் புகார் முகவரி கிடைக்கும். முழு ஹெடரையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் உதவாது. ஆனால் ஸ்பேம் பெரும்பாலும் மால்வேர் புகுந்த யார் யாருடைய கணினிகளிலிருந்தோ கிளம்புகிறது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று முளைக்கும். நம் பெயரைக் காக்கும் பூட்டு நம் டிஎன்எஸ்ஸில்தான் (டொமைனுக்கான பொதுப் பதிவுகள் இருக்கும் இடம்) இருக்கிறது.

நம் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, மெயில் சேவைக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் சோதனையே பிழையில் முடியும். அதற்குள் வரும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினாலும் அதே கதி. மெயிலில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகிமுக்கு 2048 பிட் சாவி போதும். அது 255 எழுத்துக்கு மேல் நீளும் என்பதால் சில டிஎன்எஸ் பேனல்களில் இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.

இவை இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க்கில் அவசரம் கூடாது. முதலில் கொள்கையை ‘நன்’ (none, எதையும் தடுக்காதே) என்று வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். பெரிய மெயில் சேவைகள் தினமும் எக்ஸ்எம்எல் கோப்பு அனுப்பும். எந்த ஐபி, எத்தனை மெயில், தேறியதா இல்லையா என்று அதில் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், அதில் தோற்பவை எல்லாம் திருடர்கள் அல்ல. பில்லிங் மென்பொருள், நியூஸ்லெட்டர் சேவை, பழைய வெப்சைட்டின் கான்டாக்ட் ஃபார்ம் என்று நாமே மறந்துபோனவை வரிசையாக நிற்கும். அந்தச் சேவையின் சொந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப் தேறியிருந்தாலும் டிமார்க்குக்கு அது கணக்கில்லை, ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். நம் டொமைனுக்கான டிகிமை அங்கே இயக்கினால் சரியாகும். ஃபார்வர்டு செய்த மெயிலில் எஸ்பிஎஃப் உடைந்துவிடும். அங்கேயும் கைகொடுப்பது டிகிம்தான்.

மாதக் கடைசி பில்களும் அறிக்கையில் வந்துபோகும்வரை காத்திருந்து ‘குவாரன்டைன்’ (ஸ்பேமில் ஒதுக்கு), பிறகு ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே) என்று மாற்றுங்கள். டிமார்க் பார்க்காத சர்வர்கள் அதன்பிறகும் போலியை ஏற்கும். ஓரெழுத்து மாற்றிப் பதிவு செய்த டொமைனையும் இது தடுக்காது.

மெயிலே அனுப்பாத டொமைன் சும்மா கிடந்தால், அதற்கும் எஸ்பிஎஃப்பில் ‘மைனஸ் ஆல்’ (-all, யாரும் அனுப்பக்கூடாது) மட்டும் போட்டு, டிமார்க்கை முதல் நாளே ரிஜெக்டில் வையுங்கள்.