வண்டின் வயிற்றுப்பக்கம்

எகிப்தின் கர்னாக் கோயில் குளத்தோரம் உயரமான பீடத்தில் ஒரு பெரிய கிரானைட் வண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் அமென்ஹோதெப் என்ற மன்னர் காலத்தது. வயது 3,300 ஆண்டுகளுக்கு மேல். ஏழு முறை சுற்றினால் நினைத்தது நடக்கும் என்றார் வழிகாட்டி. சுற்றுலாக்காரர்களின் சடங்குதான், ஆனாலும் கால் சும்மா இருக்குமா? நவக்கிரகம் சுற்றிய பழக்கத்தில் நான் வலமாகக் கிளம்ப, கூட்டம் மொத்தமும் எதிர்த்திசையில் வந்தது. நான்காவது சுற்றில் கணக்குத் தப்பிவிட்டது.

நம்மூரில் யாரும் திரும்பிப் பார்க்காத சாணி வண்டுதான் இது. அது உருண்டை தள்ளிப் போவதில், சூரியனை வானில் உருட்டும் கெப்ரி தெய்வத்தைக் கண்டிருக்கிறார்கள் எகிப்தியர்கள்.

மாலையில் லக்சர் நகரில் ஒரு கடை. "மூவாயிரம் வருஷம், மேடம்" என்று கட்டைவிரல் நகமளவு வண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார் கடைக்காரர். தொட்டதுமே பாட்டியின் கல்சட்டி ஞாபகம் வந்தது. அதே மாக்கல், அதே வழவழப்பு! பழங்கால வண்டுகளிலும் பெரும்பாலானவை மாக்கல்தான். மிருதுவான கல் என்பதால் பொடி எழுத்தைக்கூடச் செதுக்கலாம். மெருகு பூசிச் சூளையில் சுட்டால் இறுகிவிடும். நூல் கோக்க நீளவாக்கில் துளை இருக்கும். வயிற்றுப்பக்கத்தை முத்திரையாகக் குத்துவார்கள்.

திருப்பிப் பார்த்தேன். எழுத்து என்ற பெயரில் நாலு கீறல். துளைக்குள் குடைந்த வெள்ளை மாவு அப்படியே ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார், விலை கால்வாசியானது. நிஜமாகவே பழையது என்றால் வாங்கியிருக்க மாட்டேன். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தொல்பொருள் வியாபாரமே குற்றம்.

அப்புறம் கெய்ரோ அருங்காட்சியகத்திலும் வயிற்றுப்பக்கம் தெரிகிற வண்டுகளைத்தான் தேடிப் போனேன். மம்மியின் நெஞ்சில் வைக்கும் பெரிய வண்டுகள் என்னை நெடுநேரம் நிறுத்திவிட்டன. செத்தவரின் இதயத்தை நீதித்தராசில் ஓர் இறகுக்கு எதிராக நிறுப்பார்களாம். அந்த நேரத்தில் 'எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று சொந்த நெஞ்சிடமே கெஞ்சும் மந்திரம் அடியில் வெட்டியிருக்கும். அமென்ஹோதெப்புக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஆட்சியின் முதல் 10 ஆண்டுகளில் 102 சிங்கங்களைக் கொன்றேன் என்று வண்டு வண்டாகச் செதுக்கி, நோட்டீஸ் மாதிரி விநியோகித்திருக்கிறார்.

என் வண்டு இப்போது வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. துளையிலிருந்த மாவு போயே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பழசு என்றே சொல்லி விற்கலாம்.