எதிர்வீட்டு ராஜபாளையம்

எதிர்வீட்டு அக்கா தன் ராஜபாளையத்தை நாய் என்று சொல்ல விடமாட்டார். “தம்பி, அப்பா வந்துட்டாரு பாரு” என்பார். வெள்ளிக்கிழமை ஆனால் அதன் நெற்றியில் திருநீறு. 2005-இல் இந்திய அஞ்சல்தலையிலேயே வந்த இனமாயிற்றே, அந்தப் பெருமை வேறு!

பாசமெல்லாம் சரி, சாப்பாட்டில்தான் சிக்கல். நாம் தின்பதையெல்லாம் ஊட்டக்கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை அதன் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும், அது விஷமாகிவிடும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஆக, சாம்பார் சாதமும் பிறந்தநாள் சாக்லேட் கேக்கும் வேண்டவே வேண்டாம். பயந்துகொண்டேதான் அக்காவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. இப்போது உப்பில்லாத சோறு, வேகவைத்த கோழி. கேட்பவர்களிடம் “புள்ள பத்தியத்துல இருக்கான்” என்கிறார்.