குடியிருப்புக்கு நிலத்தடி நீர் தேடிய அனுபவம்

வீடுகள் பெருகப் பெருக, இருந்த ஒரே ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் ஒவ்வொரு கோடையிலும் முந்தைய கோடையைவிடக் கீழே போய்க்கொண்டிருந்தது. புதிய நீராதாரம் தேடும் பொறுப்பைக் குடியிருப்போர் சார்பில் நானும் வேறு சிலரும் ஏற்றுக்கொண்டோம். எங்களுக்கு அமைந்த நிலவியலாளர், எந்த இடத்தில் துளையிடலாம் என்ற பேச்சையே எடுக்காமல், பத்து ஆண்டுகள் கழித்து இங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். 2,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், 16 மணி நேர இறைப்பு என்று கணக்கிட்டபோது, நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தேவை என்று வந்தது. பின்னால் எழுந்த வாக்குவாதங்கள் பலவும் சீக்கிரம் முடிந்ததற்கு இந்த ஓர் எண்தான் காரணம்.

எங்கள் நிலம் கெட்டிப் பாறை நிலம். அத்தகைய பாறைக்குத் தன்னளவில் நீரைத் தேக்கும் துளைகள் இல்லை. மேலே மக்கிச் சிதைந்த அடுக்கிலும், கீழே ஓடும் விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். எனவே செயற்கைக்கோள் படங்களில் நேர்கோடுகளாகத் தெரிந்த நீண்ட வெடிப்புகளைக் குறித்துக்கொண்டு, சுற்றியிருந்த கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் பதிவு செய்து, அதன் பிறகே மின்தடைச் சோதனைக்குப் போனோம். குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நிலவியலாளர் மறுக்கவில்லை, அவர் காட்டும் இடத்தையும் சேர்த்தே சோதித்துவிடலாம் என்றார். அங்கே சில மீட்டர் ஆழத்திலேயே கெட்டிப் பாறை தொடங்கியது தெரிந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

மின்தடைச் சோதனையில் நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் நிலத்தில் அறைந்து, வெளிப்புற இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உட்புற இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளை அகட்டி வைக்க வைக்க, இன்னும் ஆழத்திலுள்ள அடுக்குகளின் தன்மை அளவீட்டில் தெரியத் தொடங்கும். விரிசலற்ற பாறை, மின்தடைத் தன்மையை அளக்கும் அலகான ஓம் மீட்டரில், ஆயிரக்கணக்கில் காட்டும். நீர் ஊறிய சிதைந்த பாறை மிகக் குறைவாகக் காட்டும். ஆனால் களிமண்ணும் உப்புநீரும்கூடக் குறைவாகவே காட்டும் என்பதால், எண் குறைந்ததைப் பார்த்தவுடன் தண்ணீர் கிடைத்துவிட்டதாக நம்பிவிட முடியாது. படத்தில் தெரிந்த வெடிப்பும் மின்தடைச் சரிவும் ஒன்றாக விழுந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம்.

துளையிடும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் வெளிவந்த பாறைத்தூளை ஒரு கைப்பிடி எடுத்து, தார்ப்பாயில் வரிசையாகக் குவித்து வைத்தோம். முதலில் செம்பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு நெடுநேரம் மாற்றமில்லாத கருஞ்சாம்பல். 58 மீட்டரில் துரு ஏறிய சில்லுகள் மறுபடியும் தலைகாட்டின; துளைக்கம்பி சட்டென்று வேகமாக இறங்கியது; அடுத்த நிமிடமே கம்ப்ரசர் காற்றோடு நீர் பீறிட்டது. ‘வி’ வடிவ வெட்டுள்ள பலகை வழியாக அதை ஓடவிட்டு அளந்ததில் நொடிக்கு ஐந்து லிட்டர் வந்தது. இப்பலகையில் நீரின் உயரம் இரு மடங்கானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேலாகிவிடும். ஆகவே அளவுகோலைத் தோராயமாகப் படிப்பது ஆபத்து. சுற்றி நின்ற எல்லோரும் வேலை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

ஆனால் துளையிடும்போது வரும் நீரில் விரிசலில் நெடுங்காலம் தேங்கிய சேமிப்பும் கலந்திருக்கிறது. அதை நாள்தோறும் கிடைக்கும் வரவாகக் கொள்ள முடியாது. ஆகவே 72 மணி நேர இறைப்புச் சோதனையை நிலவியலாளர் விட்டுக்கொடுக்கவே இல்லை. செலவு வீண் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. என் பார்வையில், மொத்தச் செலவிலும் பயன் மிகுந்தது அதுதான். நொடிக்கு மூன்றரை லிட்டர் வீதம் இறைத்துக்கொண்டே, 11 மீட்டரில் இருந்த நீர்மட்டம் இறங்குவதைக் குறித்தோம். காலத்தை மடக்கை அளவில், அதாவது 1, 10, 100 என்ற பத்து மடங்குகள் சம இடைவெளியில் விழும்படி வைத்து வரைந்தால், காலம் பத்து மடங்காகும்போதெல்லாம் மட்டம் ஒரே அளவு இறங்கி, புள்ளிகள் நேர்கோட்டில் விழும். எங்கள் கோட்டில் அந்த இறக்கம் 6 மீட்டர். முதல் நாள் முடிவில் மட்டம் 33 மீட்டர். அப்படியே நீண்டிருந்தால் மழையில்லாத ஆறு மாதங்களுக்குப் பிறகும் 47 மீட்டரில்தான் நின்றிருக்கும். இரண்டாம் நாளில் கோடு முறிந்து, சாய்வு இரு மடங்கானது. நீர் தராத பாறைச் சுவர் ஒன்றைக் கிணற்றின் தாக்கம் எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். புதிய சாய்வில் அதே ஆறு மாதங்களில் மட்டம் 60 மீட்டருக்குப் போகும். அதாவது நீர் தரும் விரிசலே வெளியே தெரிந்து, காற்றுப் புகுந்து, வரத்து சரிந்துவிடும். கிணற்றுக்கு நொடிக்கு இரண்டரை லிட்டர் என்று வரம்பு வைத்தோம்.

நீரின் தரத்துக்கான மாதிரியை இறைப்பின் கடைசி மணி நேரத்தில் எடுத்தோம். இத்தகைய பாறைகளில் முதலில் பார்க்க வேண்டியது புளோரைடு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். எங்கள் மாதிரி வரம்புக்குள் இருந்தது, நைட்ரேட்டும் அப்படியே. மேற்பரப்பு அழுக்கு இறங்காதபடி துளையின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் என்னும் காப்புக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் கலவை அடைத்தோம்.

எஞ்சிய ஒரு லிட்டருக்காக வேறொரு வெடிப்புக் கோட்டில் இரண்டாவது கிணறு போட்டோம். அதை இறைத்துச் சோதித்தபோது முதல் கிணற்றின் மட்டம் சில சென்டிமீட்டருக்கு மேல் அசையவில்லை. இப்போது இரண்டிலும் அளவுக்குழாய் இறக்கி, வாரந்தோறும் மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். முதல் கிணற்றில் அது 45 மீட்டரைத் தொட்டால் இறைக்கும் நேரம் குறைக்கப்படும். புதிய இணைப்புக் கேட்டு வருபவர்களுக்கும் அந்தப் பதிவேட்டைக் காட்டியே பதில் சொல்கிறோம்.