சீகல் எஸ்டி36: ஸ்டெம் கழற்றி மாட்டிய குறிப்பு

எடுத்துக்கொண்டது சீகல் எஸ்டி36 என்ற கடிகார மூவ்மென்ட், அதாவது கடிகாரத்தின் உள் இயந்திரம். சுவிஸ் யூனிடாஸ் 6497-ஐப் பார்த்துச் சீனாவில் செய்யப்படுவது. 36.6 மி.மீ. அகலம், 17 கல், கையால் சாவி கொடுக்கும் வகை. பாகங்கள் பெரியவை என்பதால் பழகுவதற்குத் தோதானது. கேஸிலிருந்து மூவ்மென்ட் வெளியே வர, முதலில் ஸ்டெம், அதாவது கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) மாட்டியிருக்கும் தண்டு, வரவேண்டும்.

அதற்கும் முன்னால் ஏறியிருக்கும் சாவியை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, இறக்கிவிட வேண்டும். ஸ்டெம் போனபின் பிடித்து இறக்க எதுவும் இருக்காது. கிரவுனை இரு விரலால் இறுகப் பிடித்து, சாவி கொடுக்கும் பக்கமாக ஒரு பொட்டுத் திருப்பி, கிளிக்கை (ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கொக்கி) பல்குச்சியால் ஒதுக்கி, விரலிடுக்கிலேயே கிரவுனை மெல்ல நழுவவிட்டால் போதும். கை தவறினால் சர்ரென்று அவிழும். சக்கரப் பல்லுக்கு ஆபத்து.

பின்பக்கம், ஸ்டெம் நுழையும் இடத்துக்கு அருகே ஒரு சின்ன ஸ்க்ரூ. அதன் மறுமுனை டயல் பக்கத்து செட்டிங் லீவரைப் பிடித்திருக்கிறது. லீவரின் முளை ஸ்டெம்மில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் கிரவுன் கையோடு வந்துவிடுவதில்லை. ஆகவே ஸ்க்ரூவைக் கழற்றவே கூடாது, தளர்த்துவதோடு சரி. கிரவுன் உள்ளே அழுந்தியிருக்கட்டும். அப்போதுதான் ஸ்டெம் கோத்திருக்கும் கிளட்ச், வைண்டிங் பினியன் என்ற இரு பல்சக்கரங்களும் ஒன்றையொன்று அணைத்து இடம் பெயராமல் நிற்கும். அரைச் சுற்று, இழுத்துப் பார்ப்பது. வராவிட்டால் இன்னொரு அரைச் சுற்று. இதில் ஒன்றரைச் சுற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்று திருகினால் லீவர் புரியைவிட்டு டயலுக்கு அடியில் விழும். உடனே மூவ்மென்டை டயல் மேலாகத் திருப்பி, அடியிலிருந்து ஸ்க்ரூவை மெல்ல முறுக்கினால் சிலவேளை புரி கவ்விக்கொள்ளும். கவ்வாவிட்டால் முள், டயல் எல்லாம் கழற்றித்தான் ஆகவேண்டும். ஈடிஏ 2824 என்ற வேறொரு சுவிஸ் மூவ்மென்டில் ஸ்க்ரூவுக்குப் பதில் அழுத்தும் பொத்தான். அளவு மீறி அழுத்தினால் அங்கேயும் இதே தொல்லைதான்.

திரும்ப மாட்டுமுன் ஸ்டெம்மைத் துடைத்து, சதுரப் பகுதியிலும் பள்ளத்திலும் துளி கிரீஸ். நுழைக்கும்போது பாதியில் முட்டும். சதுரம் கிளட்ச்சின் சதுர ஓட்டையோடு சேரவில்லை என்று அர்த்தம். தள்ளாமல் கிரவுனை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பினால் 'டக்'கென்று இறங்கும். கிரவுனை உள்ளே அழுத்திப் பிடித்தபடியே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும், நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஸ்டெம் முழுதும் உள்ளே போகாத நிலையில் முறுக்கினால், முளை பள்ளத்தில் விழாமல் தண்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். சாவி ஒழுங்காக ஏறும், நேரம் வைக்க இழுத்தால் கிரவுன் கையில் வந்துவிடும். ஆகவே சாவி ஏறுகிறது என்பதை மட்டும் நம்பாமல், ஐந்தாறு தடவை வெளியே இழுத்து, முள்ளைத் திருப்பி, உள்ளே அழுத்திப் பார்த்த பிறகே பின்மூடி.